ஊதியவர் குரல்

காது மெஷினில் போடுகிற பொத்தான் பேட்டரியின் முதுகில் ஒரு சின்ன வண்ண ஒட்டு இருக்கிறதே, அது பேட்டரியின் அளவைக் காட்டுவதற்காக மட்டுமே ஒட்டப்பட்டது என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒன்றுபோல நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது பெரும் பிழை. இதைத் திருத்தாமல் இந்தக் கதையை ஒரு வரிகூட நகர்த்த முடியாது. நிறம் அளவைக் காட்டுகிறது என்பது உண்மைதான், மஞ்சள் என்றால் பொடிசு, நீலம் என்றால் பெரிசு, ஆரஞ்சு இடைப்பட்டது. ஆனால் ஒட்டு அங்கே இருப்பதற்குக் காரணம் வேறு. அதன் கீழே ஊசிமுனை அளவில் துளைகள் இருக்கின்றன. ஒட்டு இருக்கும்வரை பேட்டரி பிறக்கவில்லை. உரித்த பிறகு அந்தத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது, அப்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. சுவர்க் கடிகாரத்து பேட்டரி, டிவி ரிமோட் பேட்டரி, காய்ச்சல் பார்க்கிற கருவியின் பேட்டரி எல்லாம் பிறந்த பின்புதான் கடைக்கு வருகின்றன. காது மெஷின் பேட்டரி ஒன்றுதான் வாங்கியவர் கையில் பிறக்கிறது. ஆகவே அதன் முதல் மூச்சு யாருடையது என்பது சாதாரண விஷயம் இல்லை.

மற்ற ஊர்களில் சாதாரண விஷயமாக இருக்கலாம். கொக்கரப்பாளையத்தில் இல்லை.

கொக்கரப்பாளையம் விசைத்தறி ஊர். அங்கே பிறக்கிற குழந்தை முதலில் கேட்பது தாயின் குரலை அல்ல, தறியின் சத்தத்தை. தறியோ பகலென்றும் இரவென்றும் பாராமல் அடித்துக்கொண்டே இருப்பதால், ஐம்பதைத் தொட்டவர்களில் பாதிப்பேருக்குக் காது போய்விடும், மீதிப்பேர் போகவில்லை என்று சாதிப்பார்கள். எனவே அந்த ஊரில் காது மெஷின் என்பது மூக்குக்கண்ணாடி போல, செருப்பு போல, வெட்கப்பட ஒன்றுமில்லாத ஒரு பொருள். அடுத்ததாகப் பஞ்சு. தறியிலிருந்து பறக்கிற பஞ்சுத் தூசி ஊர் முழுவதும் எந்நேரமும் மிதந்துகொண்டிருக்கும், தோசைமேல் விழும், சீப்பில் விழும், மணமகளின் இமைமேல் விழும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒருமுறை ஊதிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். டீ கிளாஸை ஊதுவார்கள், சாவித் துவாரத்தை ஊதுவார்கள், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் தலையை ஊதுவார்கள், வெளியூரில் பஞ்சே இல்லாத வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் வாழை இலையை ஊதிவிட்டு அசடு வழிவார்கள். பேட்டரியின் ஒட்டை உரித்ததும் அதையும் ஊதினார்கள். வேறு எந்த ஊரிலும் இப்படிச் செய்வதில்லை.

ஒரு ஆடி மாதத்துக் காற்றில், மேற்குத் தெரு மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு அவருடைய கொழுந்தியா பேட்டரி மாற்றி ஊதிக் கொடுத்தாள். மெஷினை மாட்டியவருக்குக் கொழுந்தியாவின் குரல் தண்ணீருக்குள் கூழாங்கல் தெரிவது போலத் தெளிவாகக் கேட்டது. வேறு ஒன்றுமே கேட்கவில்லை. தறி கேட்கவில்லை, லாரி கேட்கவில்லை, மனைவி வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். அந்த வாரத்துக்குள் ஊரில் எல்லா மெஷின்களும் அப்படியே ஆயின. யார் ஊதினாரோ அவர் குரல் மட்டும், அந்த பேட்டரி தீரும்வரை.

ஏன் இப்படி என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு காது டாக்டர் வந்து ஒரு நாள் முழுக்கச் சோதித்துவிட்டு, மெஷின்கள் நன்றாக இருக்கின்றன, பேட்டரிகள் நன்றாக இருக்கின்றன, காதுகள் எதிர்பார்த்த அளவுக்கு மோசமாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் காரணத்தை யாரும் தேடவில்லை. செய்ய வேண்டிய ஏற்பாடுகள் நிறைய இருந்தன.

ஊதாமல் விட்டுப் பார்த்தார்கள். பஞ்சு போய்த் துளையை அடைத்து பேட்டரி பிறக்காமலே போனது. தானே ஊதிக்கொண்டு பார்த்தார்கள். தன் குரல் மட்டும் தனக்குக் கேட்டது, அப்படிச் செய்துகொண்ட ஒருவர் பேரூராட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தார். மின்விசிறிக்குக் கீழே உரித்தவர் பத்து நாள் மின்விசிறியைக் கேட்டார். எருமைக் கட்டுத்தரையில் கைதவறித் திறந்த ஒருவருக்கு எருமையின் மூச்சு பட்டு, அந்த பேட்டரி தீரும்வரை எருமையின் பேச்சே கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று அவர் டீக்கடையில் சொன்னதைக் கேட்டு இன்னும் சிலர் எருமை தேடிப் போனார்கள். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்திருந்த வசதிக்காரர்கள் வலது காதை மனைவிக்கும் இடது காதைத் தம்பிக்கும் கொடுத்து, நடுவில் தாங்கள் கிடந்து தவித்தார்கள். மாமியாருக்கு ஒரு பேட்டரி மகன் ஊதினால் அடுத்தது மருமகள் ஊதுவது என்று வீடுகளில் முறை வந்தது. நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை பாக்கோடு உரிக்காத பேட்டரி அட்டை ஒன்றும் வைக்கும் வழக்கம் வந்தது. ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் சண்டை போட முடியும் என்று ஆனதால் பங்காளிச் சண்டைகள் வரிசையில் நின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஊதுகிற உரிமை யாருக்கு என்பதை மெஷின் மாட்டியிருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்தது. அதற்குப் பிறகு கொக்கரப்பாளையம் அமைதியாக இருந்தது, அல்லது அப்படித்தான் அதற்குக் கேட்டது.

அந்த ஊரில் ராக்கியண்ணன் என்ற தறி மேஸ்திரி இருந்தார். எந்தத் தறி மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யோக்கியமான மனிதர், ஒரு பக்கமாகச் சாயாதவர் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கே ரொம்பப் பிரியம். எழுதப் படிக்க வராது. ஒற்றைக் காதில் மெஷின், ஆரஞ்சு ஒட்டு. அவருடைய ஒரே மகள் யசோதாவை ஈரோட்டில் ஜவுளி ஏஜென்டாக இருந்த கிரிதரனுக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமான மறு வருஷம், சித்திரை நோன்பு முடிந்த கையோடு, யசோதா ஒரு துணிப் பையோடு வந்து இறங்கினாள், திரும்பிப் போகவில்லை.

கிரிதரன் பின்னாலேயே வந்தான், கோபமாக அல்ல, பழமும் இனிப்பும் கூடவே ஒரு அட்டை பேட்டரியும் எடுத்துக்கொண்டு. "ஈரோட்டுல பெரிய கடைல வாங்குனதுங்க மாமா" என்று காட்டினான். மாப்பிள்ளை கொண்டு வந்ததை மாப்பிள்ளையே ஊதுவதுதானே மரியாதை. ராக்கியண்ணன் அனுமதி கொடுத்தார், கிரிதரன் ஊதினான். அவனுக்கு இனிமையான குரல், சேலை விற்கிற குரல். யசோதாவுக்குத் தன்மேல் சின்ன வருத்தம் என்றும், புது இடம் என்றால் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்றும், கையில் தெரிகிற காயம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது என்றும், ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து சொன்னான். அட்டை தீர்ந்தால் அடுத்ததைக் கொண்டு வந்தான்.

யசோதா தினமும் அப்பாவிடம் பேசினாள். அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பேசினாள், அவர் தறி கழற்றும்போது ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசினாள். அவர் அவள் வாயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "எல்லாஞ் செரியாப் போயிரும் அம்மிணி" என்றார். தறிக்காரர்களுக்குக் கைஜாடை உண்டே என்று யாராவது கேட்கலாம். உண்டு, நூல் அறுந்தது, கரண்ட் போனது, டீ வந்தது, முதலாளி வருகிறான் என்பதற்கெல்லாம் ஜாடை உண்டு. புருஷன் செய்ததைச் சொல்ல ஜாடை இல்லை.

அம்மா பாவாத்தாளுக்குக் காது நன்றாகக் கேட்கும், எல்லாம் தெரியும். ஒருநாள் அவள் அவருடைய சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டித் தன் கன்னங்களை உப்பிக் காட்டினாள்.

"முடியாது" என்றார் ராக்கியண்ணன். "மாப்பிள்ளை ஊதுனதுக்கு மேல பொண்டாட்டிய ஊத வெச்சா, நான் பொண்ணு பக்கம் சாஞ்சுட்டன்னு ஊரு பேசும். ஒரு ஞாயம் வேண்டாமா?"

"நல்ல ஞாயம்" என்று பாவாத்தாள் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த கிரிதரன், அடுத்த மாதப் பிறப்பு முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்து வந்து யசோதாவைக் கூட்டிப்போவதாகச் சொன்னான். ராக்கியண்ணன் சரி என்று வாக்குக் கொடுத்தார். இடையில் ஏஜென்ட் வேலையாக சூரத் போக வேண்டியிருப்பதால் வர முடியாது என்ற கிரிதரன், முன்யோசனையாக ஒரு காரியம் செய்தான். அட்டையிலிருந்த ஆறு பேட்டரிகளின் ஒட்டுகளையும் ஒரே மூச்சில் உரித்து, ஆறிலும் ஊதி, ஒன்றை மாமனார் காதில் போட்டுவிட்டு, மற்ற ஐந்துக்கும் ஒட்டைத் திரும்ப ஒட்டி, அழுத்தித் தேய்த்து, அவருடைய சட்டைப் பையில் வைத்தான். தான் ஊரில் இல்லாத நாளிலும் வேறு ஒருவர் அந்தக் காதுக்குள் நுழைந்துவிடக் கூடாது.

இங்கே இரண்டாவது திருத்தம் தேவைப்படுகிறது. உரித்த ஒட்டைத் திரும்ப ஒட்டினால் பேட்டரி மறுபடியும் தூங்கப் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு, ஜவுளி ஏஜென்டுகளிலும் உண்டு. அப்படி ஒன்று நடப்பதில்லை. பிறந்தது பிறந்ததுதான், பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் அது தன் பாட்டுக்கு மூச்சு விட்டுத் தீர்ந்துகொண்டே இருக்கும். ஒன்று ராக்கியண்ணன் காதில் பேசித் தீர்ந்தபோது, மற்ற ஐந்தும் அவருடைய பையில் பேசாமலே நலிந்து கிடந்தன.

குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் காதில் இருந்தது செத்தது. இரண்டாவதைப் போட்டார், எலிக்குஞ்சு போலக் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அதுவும் போனது. மூன்றாவது அதுகூடச் செய்யவில்லை. மீதியையும் போட்டுப் பார்த்துவிட்டு மெஷினையே கழற்றி, செத்த பேட்டரிகளோடும் உரித்த ஒட்டுகளோடும் கையில் வைத்துக்கொண்டு, "மெஷின் போச்சாட்ட இருக்குது, பாய் கடைக்குப் போயிட்டு வாரன்" என்று கிளம்பினார். ஒன்றுமே கேட்காத மனிதரை லாரிகள் ஓடுகிற மெயின் ரோட்டில் தனியே விட முடியாதென்று யசோதா கூடப் போனாள்.

ஹபீபுல்லா பாய் கடிகாரம் பழுது பார்க்கிறவர், ஊருக்கே பேட்டரி விற்கிறவர். கனத்த ஆள், வெண்தாடி, அரம் தேய்த்ததுபோல ஒரு குரல். யாருடைய காதிலும் தன் குரல் போய்விடக் கூடாது என்பதில் அவருக்கு அச்சமே உண்டு. ஒட்டை உரிக்க நேர்ந்தால் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, இடுக்கியால் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் உரிப்பார். "வேற எதைய வேணும்னாலும் கேளுங்க, மூச்சைக் கேக்காதீங்க" என்பார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போக வேண்டிய அவசரத்தில் கைக்குட்டையை முகத்தில் கட்டாமல் தோளில் போட்டிருந்தார்.

"பாய், போனது மெஷினா பேட்டரியான்னு பாத்துச் சொல்லு" என்று ராக்கியண்ணன் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

பாய் புது அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உரித்து, கண்ணாடி மேசைமேல் வைத்தார். காற்று வாங்கட்டும் என்று காத்திருந்தார். எதிர்த் தறிப்பட்டறையிலிருந்து ஒரு பஞ்சு மிதந்து வந்து, நேராக அதன்மேல் உட்கார்ந்தது. பாய் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் கொக்கரப்பாளையத்தில் பிறந்தவர். ஊதிவிட்டார்.

ஊதிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்து, "யா அல்லா" என்று தலையில் கை வைத்தார்.

"என்ன பாத்துட்டு இருக்கற? போடு" என்றார் ராக்கியண்ணன்.

"வேற ஒண்ணு உரிச்சுத் தாரன்" என்று ஜாடை காட்டினார் பாய்.

"உரிச்சதைய வீணடிக்கறதா? போடுன்னா போடு."

போட்டார். "மெஷின் நல்லாத்தான் இருக்குது ராக்கியண்ணே. பேட்டரிதான் செத்தது" என்றார்.

"ஏன் பாய், உனக்கு இப்பிடி ஒரு குரலா? இத்தனை வருசம் எப்பிடித்தான் ஊட்டுல இருக்கறவிய தாங்கறாங்களோ!"

"அவியளும் அதையேதான் கேக்கறாங்க." பாய் செத்த பேட்டரிகளைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டின் பசையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "இதைய முன்னமே உரிச்சு, ஊதி, திருப்பி ஒட்டியிருக்குது. அஞ்சும் அப்பிடித்தான்."

"மாப்பிள்ளை அப்பிடி எதுக்குச் செய்யோணும்?" என்றார் ராக்கியண்ணன். பாய் அவற்றை அவர் பக்கம் தள்ளி வைத்தார். ராக்கியண்ணன் அந்த ஐந்தையும் உள்ளங்கையில் வைத்து, ஒரு தறி ஏன் ஓடவில்லை என்று யோசிக்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யசோதா கடையின் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு பாயிடம் சொன்னாள். "மாமா, நான் சொல்றதைய அப்பாகிட்டச் சொல்லுங்க."

"அம்மிணி, இது குடும்ப விசியம். நான் எப்பிடி..."

"உங்க கொரல் மட்டுந்தானுங்க கேக்குது. நாளன்னிக்கு ஞாயித்துக்கெழமை. எனக்கு வேற வழியில்லை மாமா."

பாய் தாடியைத் தடவினார். தொண்டையைச் செருமினார். "ராக்கியண்ணே, உம் பொண்ணு சொல்லுது, மாப்பிள்ளை கொஞ்சம் கோவக்காரராட்ட..."

"நான் அப்பிடிச் சொல்லலை" என்றாள் யசோதா. "நான் சொல்றதைய அப்பிடியே சொல்லுங்க. 'நான்'னே சொல்லுங்க."

பாய் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் அவளைப் பார்க்காமல், அவருடைய அரக் குரலில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"அப்பா, அவரு வேலைக்குப் போறப்ப என்னைய உள்ள வெச்சு வெளியில பூட்டிட்டுப் போவாரு. சாவி ஒண்ணுதானுங்க. தண்ணி வர்ற நாள்லகூட தொறக்க மாட்டாரு. போனை எடுத்து வெச்சுக்குவாரு."

ராக்கியண்ணன் பாயின் வாயையே பார்த்தார்.

"முன்ன ஒருக்கா சூரத்துக்குப் போனப்ப ரெண்டு நாள் பூட்டியிருந்துச்சு. சன்னல் வழியாப் பக்கத்து ஊட்டுக்காரங்க சோறு குடுத்தாங்க. அதுக்கும் அடிச்சாரு. நான் பாத்ரூம்ல வழுக்கி உழுகலைங்கப்பா."

டீ கொண்டு வந்த பொம்பளை கிளாஸை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே தறி அடித்துக்கொண்டே இருந்தது. பாயின் தாடி நனைந்திருந்தது. குரல் மட்டும் உடையாமல் பார்த்துக்கொண்டார், உடைந்தால் அது அவள் சொன்னதாக ஆகாது.

"நான் அங்க போகலைங்கப்பா. போனா நான் திரும்பி வரமாட்டன்."

ராக்கியண்ணன் ஐந்து பேட்டரிகளையும் கண்ணாடி மேசைமேல் வைத்தார். பிறகு, மகள் பக்கத்திலேயே நின்றாலும், குரல் வந்த முகத்தைப் பார்த்தே கேட்டார். "ஏன் அம்மிணி, இதைய எங்கிட்ட முன்னாலயே சொல்றதுக்கு என்ன?"

பாய் யசோதாவைப் பார்த்தார். அவள் சொன்னாள். அவர் சொன்னார்.

"சொன்னனுங்கப்பா. தெனமும் சொன்னன்."

ஞாயிற்றுக்கிழமை கிரிதரன் காரில் வந்தான், பழம், இனிப்பு, ஒரு புது அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு. வாசலிலேயே பேச ஆரம்பித்தான். ராக்கியண்ணன் அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். உள்ளே ஏற்கனவே இன்னொரு நாற்காலியில் ஹபீபுல்லா பாய் உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளே, எனக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு பாய் குரல்தான் கேக்கும். நீங்க சொல்றதைய அவரு சொல்லுவாரு. பொண்ணு சொன்னதையும் அவருதான் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் ஒரே குரல். ஞாயமா இருக்கோணுமில்ல?"

கிரிதரன் சிரித்தான். சேலை விரிப்பது போல மெல்ல மெல்லப் பேசினான், கையை நெஞ்சில் வைத்துப் பேசினான், பாவாத்தாளுக்கே ஒரு நிமிஷம் மனசு இளகியது. பாய் அதைச் சொன்னார். இனிப்பு ஒன்றும் பாயின் தொண்டையில் தங்கவில்லை.

"மாமா, காலம் கெட்டுக் கெடக்குது, அதான் பாதுகாப்புக்குப் பூட்டுனன். பாசத்துலதான் பூட்டுனன். கை வெச்சது ரெண்டு மூணு தடவைதான். அதும் அவ பேசுனதுனாலதான்."

கிரிதரன் தன் சொற்களைப் பாயின் வாயிலிருந்து கேட்டு, "நான் சொன்னது அப்படி இல்லை" என்றான்.

"'நான் சொன்னது அப்படி இல்லை'ங்கறாரு" என்றார் பாய். "ஆனா அப்பிடித்தான் சொன்னாரு ராக்கியண்ணே. ஒரு சொல்லு நான் மாத்தலை." பாய் அன்று சொந்தமாகச் சொன்னது இது ஒன்றுதான்.

ராக்கியண்ணன் எழுந்து, மாப்பிள்ளை கொண்டு வந்த அட்டையைப் பழத்தட்டின்மேல் வைத்து, தட்டோடு எடுத்துக் கார் சீட்டில் வைத்துவிட்டு வந்தார். "பொண்ணு வரலைங்க மாப்பிள்ளே" என்றார். "நான் வாக்குக் குடுத்தது நெசந்தான். ஒருத்தர் பேச்சை மட்டும் கேட்டுக் குடுத்த வாக்கு அது."

கிரிதரன் இன்னும் பேசினான். பாய் வாயைத் திறக்கவில்லை. ராக்கியண்ணன் ஆடுகிற உதடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

மீதியிருந்த நாட்களில் பாய்க்குக் கடையில் வேலை ஓடவில்லை. காலையில் ராக்கியண்ணன் வந்து ஸ்டூலில் உட்காருவார், யசோதா வருவாள், பாய் ஒரு கையால் கடிகாரத்தைத் திறந்துகொண்டே, "அப்பா, சாயங்காலம் வாரப்ப கத்திரிக்கா வாங்கிட்டு வாங்க", "அப்பா, டெய்லரிங் கிளாசுல சேரலாம்னு இருக்கறனுங்க", "அப்பா, ராத்திரி மாத்திரை போட்டீங்களா?" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த பேட்டரி தீர்ந்த அன்று ராக்கியண்ணன் அட்டையை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் ஊதினாள். அதற்கு அடுத்ததைப் பாவாத்தாள் ஊதினாள், வெகுநேரம் ஊதினாள். அப்புறம் வீட்டில் முறை வைத்துக்கொண்டார்கள். யசோதா தையல் கற்று முடித்து மெயின் ரோட்டிலேயே கடை போட்டாள்.

தெருவில் எதிரே பார்த்தால் ராக்கியண்ணன் இப்போதும் ஹபீபுல்லாவை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுகிறார். அவர் "என்னங்கப்பா" என்று திரும்புகிறார்.